நாயின் பாதத்தை வெள்ளியில் வார்ப்பது எப்படி

வேலூர் லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை. தாத்தா, அப்பா, இப்போது நான். கொலுசு, அரைஞாண், அம்மனுக்குச் சாத்தும் கண்மலர் என்று செய்துகொண்டிருந்த கைக்கு இந்த வேலை வந்தது எங்கள் வீட்டு மணியால். நாட்டு நாய். 14 வயதில் கண் மங்கி, படியேற முடியாமல் நின்றபோது, இதன் கால் ஒன்றையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதன் வலது முன்னங்கால் இன்று வெள்ளியில் என் சாவிக்கொத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பு தப்பினால் வெள்ளியை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். அச்சு தப்பி, அந்தக் காலும் இல்லாமல் போய்விட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அச்சைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து அதில் நேராகக் காலை வைக்காதீர்கள். இறுகும்போது அது சுடும். கனமாக இருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சுடும். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் ஆல்ஜினேட் பொடி சுடாது, ரேகையெல்லாம் அருமையாக விழும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். எடுத்த கையோடு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அதில் எதையாவது ஊற்றிவிட வேண்டும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காட்பாடியிலிருந்து ஒரு அம்மா தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அச்சு எடுத்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலகை மேலேயே வைத்துவிட்டுப் போனேன். மே மாதம், நம் ஊர் வெயில். காலையில் வந்து பார்த்தால், வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு நடுவில் வெடித்துக் கிடந்தது. போன் செய்தேன். ராத்திரியே நாய் போய்விட்டது, புதைத்தும் ஆயிற்று என்றார். என் அலட்சியம்தான். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து சிலிகான் புட்டிதான். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். இரண்டு டப்பா, இரண்டு நிறம். சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை அரை நிமிடத்துக்குள் பிசைய வேண்டும். வெறுங்கையால் பிசையுங்கள், ரப்பர் கையுறையில் உள்ள கந்தகம் பட்டால் புட்டி இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். கோடையில் கண்மூடித் திறப்பதற்குள் இறுகும் என்பதால், டப்பாவை ஒரு மணி நேரம் முன்னாலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

காலை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பாதத்தின் அடியில் மெத்துமெத்தென்று இருக்கும் மெத்தைகளுக்கு நடுவில் உள்ள முடியை முனை மழுங்கிய கத்தரியால் குறைத்து, மிச்ச முடியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் புட்டி பிடித்து இழுக்காது. நாயைப் புட்டி மேல் நிற்க வைக்க வேண்டாம், வழுக்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வீட்டுக்காரர் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து பொறையைப் பிட்டுப் பிட்டுக் கொடுக்கட்டும். நீங்கள் புட்டியைத் தட்டையாக்கிக் காலுக்குக் கொண்டுபோய் அழுத்துங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். அப்புறம் ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கலாம். உயிர் போன பிறகும் சில மணி நேரத்துக்குள் இதே மாதிரி எடுக்கலாம், எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பூனைக்குப் பெரிய மெத்தையைக் கீழிருந்து லேசாக அழுத்தினால் விரல்கள் விரியும். அச்சில் அந்த மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரிந்தால் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளவு பற்றிப் பலர் கேட்பார்கள். பூனைக்கால் முழுதாக டாலரில் அடங்கும். பெரிய நாயின் கால் அடங்காது. சிறிதாக்கிச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அது அந்தக் கால் இல்லை, அதன் படம். ஒரே ஒரு விரல் மெத்தையை உள்ளபடி எடுங்கள். தார் ரோட்டில் நடந்து வெடித்த கோடு வரைக்கும் அதில் இருக்கும். அந்தக் கோட்டை அடைக்கவோ, அரம் போட்டு மழுப்பவோ கூடாது.

இன்னொன்று, குழியா மேடா என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் காலை மெழுகில் எடுத்து, பிறகு அந்த மெழுகு இருந்த இடத்தில் வெள்ளியை ஊற்றுவதுதான் முறை. அச்சில் நேராக மெழுகு ஊற்றினால் மெத்தை மேடாக வரும். மண்ணில் பதிந்த தடம் மாதிரி குழியாக வேண்டுமென்றால் அந்த மேட்டை இன்னொரு தகட்டில் பதிக்க வேண்டும். நான் மேட்டைத்தான் சொல்வேன். கட்டைவிரலால் தடவும்போது கையில் அந்தக் காலே இருக்கும்.

தேன்மெழுகோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்ப்பது எங்கள் தாத்தா வழக்கம், கெட்டியாக நிற்கும். கொதிநீருக்குள் ஒரு டம்ளரை வைத்து அதில் உருக்குங்கள். நேரடி நெருப்பு வேண்டாம். முதலில் தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு, ரேகைக்குள் இறங்கட்டும். அதன் மேல் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றினால் போதும். குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு, புட்டியை வளைத்து மெழுகை எடுங்கள். எப்போதும் இரண்டு மெழுகு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வீட்டில் செய்யலாம். நெருப்பு வேலைக்குப் பழக்கமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்தி, மெழுகை ஒரு வார்ப்புப் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. மெழுகை எடை போட்டு, 11 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வெள்ளியின் எடை வரும். 3 செ.மீ. வட்டத் தகடு என்றால் மெழுகு 1.4 கிராம், வெள்ளி 15 கிராம். உலோகம் இறங்கும் வழிக்கும் சேர்த்து 25 கிராமாவது உருக்க வேண்டும். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும் என்பதால் நூற்றுக்கு 92.5 வெள்ளி, மிச்சம் செம்பு.

பட்டறையில் நடப்பது இது. முதுகுப் பக்கம் ஒரு மெழுகுக் கம்பியை ஒட்டி, இரும்புக் குழாய்க்குள் நிறுத்தி, சூடு தாங்கும் மாவான வார்ப்புப் பொடி 100 கிராமுக்கு 40 மில்லி தண்ணீர் என்று கரைத்துக் காற்றுக் குமிழ் போகத் தட்டி ஊற்றுவேன். இரண்டு மணி நேரம் கழித்து அடுப்பில் வைத்து, பல மணி நேரம் மெல்ல மெல்ல 730 டிகிரி வரை ஏற்றுவேன். மெழுகு துளிகூட மிஞ்சக் கூடாது. ஈரமோ மெழுகோ உள்ளே இருந்தால் உருகிய வெள்ளி முகத்துக்கே தெறிக்கும். சூட்டை இறக்கிய பிறகு, மூசையில், அதாவது உருக்கும் மண் கிண்ணத்தில், வெண்காரம் தூவி உருக்கிய வெள்ளியை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும்.

சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போட்டால் மாவு உடைந்து, கறுத்த ஒரு கட்டி கையில் வரும். எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் கறுப்பு போகும். கம்பியை அறுத்து, வளையம் வைத்துப் பற்றவைக்கும் பொடி போட்டு நெருப்பு ஊதி ஒட்டி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ்ஷால் தேய்ப்பேன்.

பளபளவென்று விட்டால் ரேகை கண்ணில் படாது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, டாலரோடு ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் வெள்ளி கறுக்கும். அப்புறம் விரலில் விபூதி தொட்டு மேட்டை மட்டும் தேயுங்கள். மேடு வெளுத்து, வெடிப்பும் சுருக்கமும் கறுப்பாக நிற்கும். மணியின் பெரிய மெத்தையில் ஓரமாக ஒரு பிறை வடிவத் தழும்பு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 14 வருஷம் கூடவே இருந்தும் பார்த்ததில்லை.

தினமும் போட்டுக்கொண்டால் அவ்வளவாகக் கறுக்காது. கழற்றி வைப்பதானால் பருத்தித் துணியில் சுற்றுங்கள், ரப்பர் பேண்ட் போட வேண்டாம். புட்டி அச்சில் பெயரும் தேதியும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டாலர் தொலைந்தாலும், வெளியூரில் இருக்கும் பிள்ளை எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாலும், அதிலிருந்தே மறுபடி மெழுகு எடுத்துக்கொள்ளலாம்.