பேக்பேக்கை கடைசியா வாங்குங்க: நீண்ட ட்ரெக்குக்கு சாமான் தேர்ந்தெடுத்து எடை போடுறது எப்படி

பெங்களூர் அல்சூர்ல எங்கப்பா மளிகைக்கடை வச்சிருந்தார். அம்பது கிராம் சீரகம் கேட்டாலும் தராசுல வைக்காம பொட்டலம் மடிக்க மாட்டார். அந்தக் கடையில உக்காந்து ஹோம்வொர்க் எழுதி வளர்ந்த நான், என் முதல் ஹிமாலய ட்ரெக்குக்கு ஒரு பொருளைக்கூட எடை போடாம கிளம்பிட்டேன். இமாச்சல்ல இருக்கிற ஹம்ப்டா பாஸ், அதாவது மலைக்கணவாய், 4270 மீட்டர். "பெரிய ட்ரெக்குன்னா பெரிய பேக் தான் மேடம்"னு ஒரு கடையில சொன்னாங்க, 70 லிட்டர் பேக் வாங்கிட்டேன், அப்புறம் உள்ள இடம் இருக்கேன்னு ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே வந்து ஏர்போர்ட் மெஷின்ல வச்சப்போ 14.3 கிலோ. நான் அப்போ 52 கிலோ. பாஸ் தாண்டி அந்தப் பக்கம் செங்குத்தா இறங்குறப்போ வலது முட்டி பிடிச்சுக்கிச்சு, கடைசி ரெண்டு நாளும் மலையையே நான் பாக்கல, அடுத்த கால் எங்க வைக்கிறதுன்னு மட்டும் தான் பாத்தேன். அது இன்னிக்கும் எனக்கு வருத்தம்.

அடுத்து நேபாளத்துல அன்னபூர்ணா மலைகளைச் சுத்தி நடக்குற அன்னபூர்ணா சர்க்யூட் போனப்போ தண்ணி, தீனி தவிர மொத்த சாமானும் 6 கிலோ தான். இப்போ என் சித்தி பொண்ணு அதே சர்க்யூட்டுக்கு கிளம்புறா, "அக்கா என்னென்ன வாங்கணும் லிஸ்ட் அனுப்பு"ன்னு கேட்டா. போன ஞாயித்துக்கிழமை அவளை வீட்டுக்கு வரச்சொல்லி ஹால்ல பாய் விரிச்சு எல்லாத்தையும் எடை போட்டோம், அன்னிக்கு செஞ்ச வரிசையிலேயே இங்க எழுதுறேன்.

முதல் வேலை: தராசு

ரெண்டு தராசு வேணும். சமையலறைல வைக்கிற டிஜிட்டல் தராசு ஒண்ணு, 5 இல்லைன்னா 10 கிலோ வரைக்கும் தாங்குறது, 1 கிராம் துல்லியம் காட்டணும். இன்னொண்ணு லக்கேஜை கொக்கில மாட்டித் தூக்கிப் பாக்குற கைத்தராசு. எஸ்பி ரோடுல ரெண்டுமே சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். ஒரு கிலோ பாக்கெட் உப்பை வச்சு தராசு சரியா காட்டுதான்னு முதல்ல பாத்துக்கோங்க, கவரோட எடையும் சேர்ந்து கொஞ்சம் கூட வரும், அது பரவால்ல. கைத்தராசை கடைக்குப் போறப்போ பையில போட்டுக்கோங்க. லேபிள்ல போட்டிருக்கிற எடையும் நிஜ எடையும் எப்பவும் ஒத்துப் போகாது, ஜாக்கெட்டை கொக்கில மாட்டி நீங்களே பாத்துடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது: வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிறதை எடை போடுங்க

ஒரு ஷீட்ல மூணு காலம் (column) போடுங்க. பொருள், கிராம், அப்புறம் இது முதுகுல வருதா, உடம்புல போட்டிருக்கோமா, தின்னு குடிச்சுத் தீர்ந்து போறதா. இந்த மூணாவது காலம் ரொம்ப முக்கியம். முதுகுல வர்றதுல தண்ணி, சாப்பாடு, அடுப்பு எரிபொருள் இதையெல்லாம் கழிச்சா மிச்சம் இருக்கிறதுக்குப் பேர் பேஸ் வெயிட். ட்ரெக் முழுக்க மாறாம உங்க கூடவே வர்ற எடை அது. 9 கிலோவுக்குள்ள இருந்தா லைட்வெயிட்னும், 4.5 கிலோவுக்குள்ள இருந்தா அல்ட்ராலைட்னும் உலகம் பூரா சொல்றாங்க. முதல் தடவை போறவங்க அல்ட்ராலைட் பக்கம் போகவே வேணாம், குளிருக்கு வேண்டியதையும் சேர்த்துக் குறைச்சுட்டு அவதிப்படுவோம். 6, 7 கிலோவுக்கு வந்தா போதும்.

மொத்தமா, தண்ணி சாப்பாடு எல்லாம் சேர்த்து, உங்க உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுங்கிறது பொதுவா எல்லாரும் வச்சிருக்கிற கணக்கு. 52 கிலோன்னா 10.4. நான் 14.3 தூக்கினேன்.

எங்க வீட்டுப் பாய்ல அன்னிக்கு வந்த நம்பர் சிலது சொல்றேன். ஜீன்ஸ் 640 கிராம், சீக்கிரம் காயுற ட்ரெக் பேன்ட் 260. ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் காலியா 410, கடைல வாங்குற ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் காலியா 32. டர்க்கி டவல் 450, எங்கம்மா வச்சிருந்த ஈரோட்டு ஈரிழைத் துண்டு 140, அது மெல்லிசா இருக்கிறதால அரை நாள்ல காஞ்சும் போகுது, மைக்ரோஃபைபர் டவல் தனியா வாங்கத் தேவையே இல்ல. 20000 எம்ஏஎச் பவர் பேங்க் 430, 10000னா 215. இந்த நாலு மாத்துலயே ஒண்ணே கால் கிலோவுக்கு மேல குறைஞ்சுது, துண்டும் தண்ணி பாட்டிலும் காசே இல்லாம வந்தது. ஒரு கிராமுக்கு இவ்ளோ ரூபாய்னு கணக்கு போட்டு விலை உயர்ந்த சாமான் பின்னாடி ஓடுறதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க ப்ளீஸ்.

மூணாவது: போற இடத்தோட குளிரை கணக்கு போடுங்க

அன்னபூர்ணா சர்க்யூட்ல பேசிசஹர் சுமார் 760 மீட்டர் உயரத்துல இருக்கு, வழியில தாண்ட வேண்டிய பாஸ் தொராங் லா 5416 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும்னு வச்சா, கீழ இருக்கிறதை விட மேல 30 டிகிரி கம்மி. கீழ டீ-ஷர்ட்டோட வேர்த்து நடந்தவங்க பாஸ் ஏற விடிகாலை இருட்டுல கிளம்புறப்போ மைனஸ்ல நிப்பாங்க. அதனால ஒரே ஒரு தடியான ஜாக்கெட் வேலைக்கு ஆகாது, மேல மேல போட்டு கழட்டுற மாதிரி இருக்கணும். உள்ள பாலியஸ்டர் இல்லைன்னா மெரினோ கம்பளி டீ-ஷர்ட், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல இறகு அடைச்ச டவுன் ஜாக்கெட், எல்லாத்துக்கும் வெளிய மழைக்கும் காத்துக்கும் ஒண்ணு. காட்டன் உள்ளாடை, காட்டன் பனியன் வேணாம், வேர்வையை குடிச்சு வச்சுக்கிட்டு நின்ன உடனே உடம்பை ஜில்லுன்னு ஆக்கிடும்.

நடக்குறப்போ போட ஒரு செட், தூங்குறப்போ போட காஞ்ச செட் ஒண்ணு, அவ்ளோ தான் துணி. பதினஞ்சு நாளுக்கு பதினஞ்சு டீ-ஷர்ட் எடுத்து வச்சிருந்தா என் தங்கச்சி! சாக்ஸ் மட்டும் மூணு ஜோடி வச்சுக்கோங்க, அதுல நான் குறைக்கவே மாட்டேன், ஈர சாக்ஸ்ல நடந்தா கொப்புளம் நிச்சயம்.

நாலாவது: ஸ்லீப்பிங் பேக்

இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஸ்லீப்பிங் பேக் மேல மூணு டெம்பரேச்சர் போட்டிருக்கும், கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். ஐஎஸ்ஓ 23537ன்னு ஒரு தரநிலை இருக்கு, அதுல கம்ஃபர்ட்ங்கிறது சராசரி பெண் ஒருத்தி உடம்பை தளர்த்தி நிம்மதியா தூங்கக்கூடிய அளவு, லிமிட்ங்கிறது சராசரி ஆண் ஒருத்தர் உடம்பை குறுக்கிக்கிட்டு தூங்கக்கூடிய அளவு. எக்ஸ்ட்ரீம்ங்கிறது தூங்குறதுக்கான நம்பரே இல்ல, உயிர் தங்குறதுக்கான நம்பர். பேக் மேல பெருசா தெரியுற நம்பர் எதுன்னு திருப்பித் திருப்பி பாருங்க. பொண்ணுங்க கம்ஃபர்ட் நம்பரை மட்டும் பாருங்க, குளிர் தாங்காத ஆம்பளைங்களும் அதையே பாக்கலாம்.

உள்ள இருக்கிறது டவுனா சிந்தெடிக்கா? டவுன்னா வாத்து இல்லைன்னா கூஸோட மென்மையான உள் இறகு, அதே கதகதப்புக்கு எடையும் கம்மி, நல்லா அமுக்கி சின்னதாக்கலாம், இறகு எவ்ளோ உப்புதுன்னு சொல்ற ஃபில் பவர் நம்பர் 600, 800ன்னு ஏற ஏற இன்னும் எடை குறையும், விலையும் ஏறும். ஆனா நனைஞ்சா ஒட்டிப்போய் கதகதப்பு போயிடும். சிந்தெடிக் கனம், பருமன், ஆனா ஈரத்துலயும் ஓரளவு வேலை செய்யும், விலையும் கம்மி. மழைக்காலத்துல மேற்குத் தொடர்ச்சி மலைக்குன்னா சிந்தெடிக், அக்டோபர் ஹிமாலயாவுக்குன்னா டவுன், நான் இப்படித் தான் பிரிச்சு வச்சிருக்கேன். சர்க்யூட்ல வழி பூரா டீ ஹவுஸ்னு சொல்ற சின்ன விடுதிங்க, கட்டிலும் கம்பளியும் தருவாங்க, அதனால கம்ஃபர்ட் 0 டிகிரி போட்ட 1020 கிராம் டவுன் பேக்கும் மேல அவங்க கம்பளியும் எனக்கு சரியா இருந்துச்சு. டென்ட், மேட், அடுப்பு எதுவும் தூக்கல. நீங்க டென்ட்ல தூங்குற ட்ரெக்குன்னா கீழ போடுற மேட்டோட ஆர்-வேல்யூவையும் பாருங்க, உடம்பு சூடு தரைக்கு இறங்காம அது எவ்ளோ தடுக்குதுன்னு சொல்ற நம்பர் அது. நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கி மேட்டை விட்டுட்டா அடியில இருந்து குளிர் ஏறும், நம்ம எடையில அமுங்கின இறகு ஒண்ணும் செய்யாது.

ஒரே ஒரு ட்ரெக்குக்காகன்னா டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கு எடுங்க, பெங்களூர்லயும் காத்மாண்டுலயும் கிடைக்கும். வாடகை சாமானையும் எடை போட மறக்காதீங்க.

அஞ்சாவது: இப்போ தான் பேக்

எல்லா சாமானும் சேர்ந்ததுக்கு அப்புறம், அட்டைப்பெட்டி ஒண்ணுல நெருக்கி அடுக்குங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வந்துடும். எனக்கு 40, 30, 32 வந்துச்சு, அதாவது 38 லிட்டர் சொச்சம். தண்ணிக்கும் தீனிக்கும் இடம் சேர்த்து 45 லிட்டர் பேக், எடை 1180 கிராம். பழைய 70 லிட்டர் பேக் காலியாவே 2.4 கிலோ!

பேக் அளவுக்கு உங்க உயரம் முக்கியம் இல்ல, முதுகு நீளம் தான் முக்கியம். தலையை குனிஞ்சா கழுத்துக்குப் பின்னாடி துருத்திக்கிட்டு ஒரு எலும்பு தெரியும், அங்க இருந்து இடுப்பெலும்பு மேல் விளிம்பு மட்டம் வரைக்கும் தையல் டேப்பால யாரையாவது அளக்கச் சொல்லுங்க. அந்த அளவை எடுத்துக்கிட்டு டெகத்லான் மாதிரி நடந்து பாக்க இடம் இருக்கிற கடைக்கு உங்க சாமானையும் தூக்கிக்கிட்டே போங்க, பேக்ல நிரப்பி மாட்டிக்கிட்டு பத்து இருபது நிமிஷம் சுத்துங்க. இடுப்பு பெல்ட் எலும்பு மேல உக்காரணும், வயித்துல இல்ல. பெல்ட்டை இறுக்கினதும் தோள்ல இருந்து பாரம் இறங்கினது உடனே தெரியும், தெரியலைன்னா அந்த பேக் உங்களுக்கு இல்ல.

மழைக்கு கவர் போட்டாலும் முதுகுப் பக்கமா தண்ணி இறங்கும், உள்ள ஒரு பெரிய தடியான பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதுக்குள்ள அடுக்குங்க.

தண்ணியும் தீனியும்

தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதுல தள்ளுபடி கிடையாது. வழியில ஊருக்கு ஊர் தண்ணி கிடைக்கிற சர்க்யூட்ல ரெண்டு லிட்டருக்கு மேல சுமக்க வேணாம், குளோரின் மாத்திரை வச்சுக்கிட்டு அப்பப்போ நிரப்பிக்கலாம். தீனில எடைக்கு சக்தி எவ்ளோன்னு பாருங்க, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. வேர்க்கடலை 100 கிராம்ல 560 கலோரிக்கு மேல. அதனால நான் கடலைமிட்டாய் தான் எடுத்துட்டுப் போவேன், 2020ல புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலைமிட்டாய் அல்சூர்லயே கிடைச்சா இன்னும் சந்தோஷம். கூட நல்லெண்ணெய்ல குழைச்ச பருப்புப்பொடி சின்ன டப்பால, பதினோராம் நாளும் அதே தால்-பாத் (பருப்பும் சோறும்) தின்னுறப்போ அது என்ன ருசின்னு போனவங்களுக்குத் தெரியும்.

என் பேஸ் வெயிட் 6034 கிராம், தண்ணி 2 கிலோ, தீனி 700. மொத்தம் 8.7 கிலோ.

அடுக்கி நடந்து பாருங்க

ஸ்லீப்பிங் பேக் அடியில, கனமானதெல்லாம் நடுவுல முதுகை ஒட்டி, ரெயின் ஜாக்கெட்டும் தீனியும் மேல. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது முழு பாரத்தோட நந்தி மலைக்கு சுல்தான்பேட் படிக்கட்டு வழியா ஏறி இறங்குங்க, போக முடியாத வாரம் அபார்ட்மென்ட் படி. ஷூவும் அதே ஷூவா இருக்கணும். கால்ல ஏத்துற எடை முதுகுல ஏத்துறதை விட பல மடங்கு சோர்வு தரும், அதனால கனமான தோல் பூட் வேணாம்னு தான் சொல்வேன். 1955ல எம்மா கேட்வுட்ங்கிற 67 வயசு பாட்டி அமெரிக்காவுல 3000 கிலோமீட்டருக்கு மேல இருக்கிற அப்பலாச்சியன் ட்ரெயிலை சாதாரண கேன்வாஸ் ஷூவோட, தோள்ல ஒரு துணி மூட்டையோட தனியா நடந்து முடிச்சாங்க. எனக்கு அவங்களை நினைச்சா இன்னும் சிலிர்க்கும்.

இறங்கி வந்ததும் எது அழுத்துச்சு, எதை வெளிய எடுக்கவே இல்லைன்னு ஷீட்ல குறிச்சுக்கோங்க. முதலுதவி பொட்டலத்தை மட்டும் பயன்படுத்தலைன்னு வெளிய வச்சுடாதீங்க. உயரத்துல வர்ற மலை நோய்க்கான மாத்திரை வேணுமான்னு டாக்டரை கேட்டுக்கோங்க.

ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம், பவர் பேங்க் கைப்பைல தான் வரணும், செக்-இன்ல போடக்கூடாது, ட்ரெக்கிங் போல் செக்-இன்ல.

தங்கச்சியோட பேக் அன்னிக்கு ராத்திரி 6.4 கிலோவுக்கு வந்துச்சு. பாஸ் தாண்டி இறங்கினா முக்திநாத், திருமங்கையாழ்வார் பாடின திருச்சாளக்கிராமம், அப்பாவால போக முடியலைங்கிறதால துளசி மாலை ஒண்ணு கொண்டுபோகச் சொல்லியிருக்கார். அதையும் தராசுல வச்சார், 38 கிராம், ஷீட்ல அவரே எழுதினார்.