முதல் தமிழ் வகுப்புகள்: பயிற்சி ஆசிரியருக்கு ஒரு கைக்குறிப்பு (6 முதல் 8-ஆம் வகுப்பு வரை)

புதிதாக வரும் பயிற்சி ஆசிரியரின் பாடக்குறிப்பை வாங்கிப் பார்த்தால் ஆசிரியர் பேசப்போவது வரி வரியாக இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது இருக்காது. முதல் வாரத்துத் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. குறிப்பில் நிமிடம், ஆசிரியர் செயல், மாணவர் செயல் என்று மூன்று பத்திகள் போடுங்கள். மூன்றாவது பத்தியில் "கவனிப்பர்" என்று இரண்டு முறைக்கு மேல் வந்தால் அந்தக் குறிப்பைத் திருத்தி எழுத வேண்டும்.

45 நிமிடப் பிரியட் என்றாலும் வருகைப்பதிவு, நோட்டு எடுப்பது எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது 38 நிமிடம்தான். அதை இப்படிப் பிரிக்கலாம்: பலகையில் இருக்கும் பிழையுள்ள வாக்கியத்தைத் திருத்த 4, வாசிப்புக்கு 8, கேள்விக்கும் பேச்சுக்கும் 10, எழுத்துக்கு 12, கடைசியில் துண்டுச்சீட்டில் ஒரே ஒரு பதில் எழுத 4. நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் எழுத்துவேலையை வீட்டுப்பாடமாகத் தள்ளிவிட்டு விளக்கத்தை முடிக்கப் பார்ப்பார்கள். வெட்ட வேண்டியது விளக்கத்தை.

வகுப்பைக் கையில் எடுப்பதற்கு முன் வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பை எப்படி அமைதிக்குக் கொண்டுவருகிறார், வெளியே போக எப்படி அனுமதி கேட்கிறார்கள், நோட்டுகள் எங்கே அடுக்கப்படுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வைத்திருக்கும் விதிகளை ஆண்டின் நடுவில் மாற்ற வேண்டாம். இருக்கை வரைபடம் ஒன்று வரைந்து பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். "ஏய், மூணாவது பெஞ்ச்" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுவார்கள், ஐந்து பேர் சிரிப்பார்கள்.

வாசிப்பு

பத்திக்கு ஒருவராக வரிசையாக வாசிக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தங்களுக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்றது காதில் விழாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கோ அது நாற்பது பேர் முன்னால் நடக்கும் தண்டனை. முதலில் நீங்கள் ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். நிறுத்த வேண்டிய இடங்களை வீட்டிலேயே பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பிறகு ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, அதற்கு விடை தேடி மௌனமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் பிள்ளைக்கு மறுநாள் வாசிக்க வேண்டிய நான்கு வரியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

பாடத்தில் 15 புதுச்சொல் இருந்தால் ஐந்தை எடுங்கள். அது தெரியாவிட்டால் பத்தியே புரியாது என்கிற சொற்கள் மட்டும் போதும்.

செய்யுள் என்றால் பொருளைச் சொல்லித் தொடங்காதீர்கள். இரண்டு முறை ஓசையோடு வாசித்து, காதில் திரும்பத் திரும்ப விழுந்த எழுத்து எது என்று கேளுங்கள். எதுகை, மோனையை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன்பின் பதம் பிரிக்கலாம்.

கேள்வி கேட்பது

"புரிஞ்சுதா?" என்பதற்கு எந்த வகுப்பிலும் ஒரே பதில்தான் வரும். அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. "அவன் பொய் சொன்னான் என்று எந்த வரியில் தெரிகிறது?" என்று கேட்டால் கண் புத்தகத்துக்குப் போகும். கேள்வியை முதலில் சொல்லுங்கள், பிறகு நிறுத்துங்கள், அதன் பிறகே பெயரைச் சொல்லுங்கள். பெயர் முதலில் வந்தால் மற்ற எல்லாரும் விடுதலை.

அந்த நிறுத்தம்தான் கடினம். 1970களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று நொடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்கள் குறைந்தார்கள். மொழி வகுப்பிலும் இதே கதைதான். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பதில் வந்ததும் "ரொம்ப சரி" என்று பாயாமல் இன்னொரு மூன்று நொடி விடுங்கள். பெரும்பாலும் அதே பிள்ளை தன் பதிலை நீட்டிச் சொல்லும். கடினமான கேள்வி என்றால் ஒரு நிமிடம் நோட்டில் எழுதவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இலக்கணம்

விதியில் தொடங்காமல் எடுத்துக்காட்டில் தொடங்குங்கள். வல்லினம் மிகுதலுக்கு இந்த ஆறும் போதும்: அந்தப் பையன், இந்தக் கடை, எந்தத் தெரு, அந்த மரம், இந்த வீடு, எந்த நாள். ஒற்று எங்கே வந்தது, எங்கே வரவில்லை, அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று இருவர் இருவராகப் பேசவிட்டால் க, ச, த, ப என்று அவர்களே வந்து சேர்வார்கள். ச-வுக்குத்தான் எடுத்துக்காட்டு இல்லை; "அந்தச் செடி" என்பதை அவர்கள் வாயிலிருந்தே வரவழையுங்கள். "படித்த பையன்" என்பதில் ஏன் ஒற்று இல்லை என்று யாராவது கேட்கக்கூடும். பெயரெச்சத்தில் மிகாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். விதிவிலக்குகளை அதே நாளில் கொட்டினால் விதியும் நிற்காது.

எழுத்தும் திருத்தமும்

"எனக்குப் பிடித்த இடம்" என்று மட்டும் தலைப்புக் கொடுத்தால் நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை வரும். கட்டுப்பாடு போடுங்கள்: எட்டு வாக்கியம், ஒரே இடம், ஒரே நேரம், "அழகு" என்ற சொல் வரக்கூடாது. எழுதுமுன் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் சொல்லிப் பார்க்கட்டும். ஆரம்ப வாரங்களில் ஐவர் குழு வேண்டாம், இருவர் போதும்; ஐந்து பேரில் இருவர் எழுதுவார்கள், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

நோட்டு ஒன்றுக்கு 4 நிமிடம் என்றாலும் 40 நோட்டுக்கு 160 நிமிடம். எல்லாப் பிழையையும் சிவப்பில் திருத்துவது உங்களையும் தீர்த்துவிடும், பிள்ளைக்கும் பயன்படாது. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடும். உள்ளடக்கம் பற்றி ஒரு கருத்து எழுதுங்கள், அந்த வாரத்துக்கு இரண்டு வகைப் பிழை மட்டும் எடுங்கள். பிழையைத் திருத்தாமல் அந்த வரியின் ஓரத்தில் எழுத்துப்பிழைக்கு "எ", ஒருமை பன்மை மயக்கத்துக்கு "ஒ" என்று குறியிடுங்கள். "மாடுகள் மேய்ந்தது" இருக்கும் வரியில் "ஒ" தெரிந்தால் "மேய்ந்தன" என்பதை அவர்களே தேடுவார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் அன்று இதற்கென வகுப்பிலேயே 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டில் யாரும் திருத்தமாட்டார்கள்.

ல, ள, ழ குழப்பத்துக்குப் பத்து முறை எழுதச் சொல்வதால் கைவலிதான் மிச்சம். "மழை பெய்ததும் மலை மறைந்தது" போல இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்படி சொல்வதெழுதுதல் கொடுங்கள், உச்சரித்துக்கொண்டே எழுதட்டும்.

சத்தம்

சத்தத்துக்கு மேல் சத்தம் போட வேண்டாம். பேசுபவர் பக்கத்தில் போய் நின்றபடி பாடத்தைத் தொடருங்கள். தாளைக் கொடுத்த பிறகு சொல்லும் கட்டளை யாருக்கும் கேட்காது. சொல்லிவிட்டு, ஒருவரைத் திருப்பிச் சொல்லவைத்து, பிறகு கொடுங்கள். எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லுங்கள்.

பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டால் கைவசம் ஐந்து வாக்கியச் சொல்வதெழுதுதலோ, ஈற்றெழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டோ இருக்கட்டும்.

வழிகாட்டி ஆசிரியரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பார். அதற்குப் பதில் இருக்கை வரைபடத்தின் நகல் ஒன்றை முன்பே கொடுத்து, பேசிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் முன்வரிசையிலும் நீங்கள் நின்ற பக்கத்திலும் குவிந்திருக்கும். கோடே விழாத ஆறு பெயரை மறுநாள் பாடக்குறிப்பின் ஓரத்தில், அவர்களிடம் கேட்கப்போகும் கேள்விக்கு நேராக எழுதிக்கொள்ளுங்கள்.