பினிசியில் ஏறும் முன்: ராஜா அம்பாட், கொமோடோ கடல் பயணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியத் தீவுகளைச் சின்னக் கப்பலில் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் எனக்குப் பெரும்பாலும் ஓர் அறையின் படத்தைத்தான் அனுப்புவார்கள். அகலமான கட்டில், வட்ட ஜன்னல், வெளியே நீலக் கடல். "இந்தக் கப்பல் எப்படி இருக்கும்?" என்று கேட்பார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்த மாதம் போறீங்க?" என்பதுதான். இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய தவறுகளில் பாதி, வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்யும்போதே நடந்துவிடுகின்றன. அப்புறம் கடலில் என்ன செய்தும் அவற்றைச் சரிக்கட்ட முடியாது.

பினிசி என்பது தெற்கு சுலாவேசியில் தானா பெரு, பிரா போன்ற கடலோர ஊர்களில் கட்டப்படும் மரக்கப்பல். முதலில் பக்கப் பலகைகளைச் சேர்த்து உடலை எழுப்பிவிட்டு, அதன் பிறகே உள்ளே விலாச் சட்டங்களைப் பொருத்துவது அங்குள்ள பழைய முறை. இந்தக் கப்பல் கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முன்பு சரக்கு ஏற்றிய இந்த வகைக் கப்பல்கள் இப்போது பத்து, இருபது பயணிகளை ஏற்றிக்கொண்டு பவளப் பாறைகளுக்குப் போகின்றன. பெரிய கப்பல் நுழைய முடியாத இடுக்குகளுக்கெல்லாம் போகும். அதே சமயம் சின்ன உடல் என்பதால், கடல் கொஞ்சம் புரண்டாலும் உங்களுக்குத் தெரியும்.

மாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

என் முதல் பயணத்தில் நான் செய்த தவறு இது. இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியிலுள்ள ராஜா அம்பாட் தீவுக்கூட்டத்துக்கு ஆகஸ்டில் குறைந்த விலையில் இடம் கிடைத்தது. ஏன் குறைவு என்று விசாரிக்காமல் பணம் கட்டிவிட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தெற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். தெற்கே இருக்கும் மிசூல் தீவுப் பக்கம் பெரும்பாலான கப்பல்கள் அந்த மாதங்களில் போவதே இல்லை. எங்கள் கப்பல் இரண்டு நாள் ஒரு தீவின் மறைவில் ஒதுங்கி நின்றது. கேப்டன் செய்தது சரிதான். வேறு மாதம் பார்த்துப் போயிருக்க வேண்டியவன் நான்.

கணக்கு சுலபமானது. ராஜா அம்பாட்டுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கொமோடோவுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் இருந்தாலும், பல பினிசிகள் காற்று மாறும்போது பண்டா கடலைக் கடந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்கின்றன. பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் நம் வீடுகளுக்கு இது ஒருவிதத்தில் வசதி: மே விடுமுறை என்றால் கொமோடோ, கிறிஸ்துமஸ், பொங்கலை ஒட்டி என்றால் ராஜா அம்பாட். இதைத் தலைகீழாகச் செய்து ஜனவரியில் கொமோடோ போனால் மழையும் மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கொமோடோ கப்பல்கள் கிளம்பும் லபுவான் பஜோ துறைமுகத்தில் கப்பல்களைப் புறப்பட விடாமல் நிறுத்திவைக்கும் நாட்களும் வரும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்ப்பது

ராஜா அம்பாட் என்றால் "நான்கு ராஜாக்கள்". வைகேயோ, பத்தாந்தா, சலாவத்தி, மிசூல் ஆகிய நான்கு பெரிய தீவுகளும், அவற்றைச் சுற்றி 1,500க்கும் மேற்பட்ட சிறு தீவுகளும். படங்களில் எல்லோரும் பார்த்து மயங்கும் வயாக் வட கோடியில் இருக்கிறது. மிசூல் தென் கோடியில். பினிசி மணிக்கு ஏழு, எட்டு கடல் மைல்தான் ஓடும், அதாவது 15 கிலோமீட்டர் அளவு. ஆறு நாளில் இரண்டையும் காட்டுவதாக ஒரு திட்டம் சொன்னால், இரவெல்லாம் எஞ்சின் சத்தத்தில் புரண்டு படுத்து, பகலில் அவசர அவசரமாக இறங்கி ஏறுவீர்கள் என்று அர்த்தம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வைகேயோவுக்கும் பத்தாந்தாவுக்கும் நடுவிலுள்ள டாம்பியர் நீரிணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரி, அர்போரேக், கம் தீவுகள் அங்கேதான் இருக்கின்றன. மீன் ஆய்வாளர் ஒருவர் ஒரே முக்குளிப்பில் 300க்கும் மேற்பட்ட மீன் இனங்களை எண்ணியது கிரி தீவின் முனையில்தான். அங்கே ஒரு வாரம் போதாது என்பது என் அனுபவம்.

நீவாட்டைக் குறைத்து மதிப்பிடுவது

நம் கடற்கரைகளில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். இந்தத் தீவுகளில் உயிர் செழிப்பதற்கும், ஆட்கள் ஆபத்தில் சிக்குவதற்கும் காரணம் அந்த நீவாடுதான். பசிபிக்கின் மேற்குப் பகுதியில் காற்று தண்ணீரைக் குவிப்பதால், அங்கே கடல் மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்று உயரமாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளிகள் வழியாக இந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதோடு கடல்நீரின் ஏற்ற இறக்கமும் சேரும். சும்பாவாவுக்கும் ஃபுளோரஸுக்கும் நடுவில் நெருக்கமாகக் கிடக்கும் கொமோடோ, ரின்ச்சா, பதார் தீவுகளின் இடுக்குகளில் தண்ணீர் ஆற்று வெள்ளம்போல் ஓடுவதைக் கப்பல் தளத்தில் நின்றே பார்க்கலாம். அது கொண்டுவரும் மிதவை உயிர்களைத் தின்னத்தான் மாண்டா திருக்கைகள் வருகின்றன.

ஆகவே தேதி குறிக்கும் முன் தினசரி காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், நீவாடும் வேகம். புதிதாக முக்குளிக்கக் கற்றவர்களும், ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக் குழாயை மட்டும் போட்டு மேலாக நீந்துகிறவர்களும் அஷ்டமியை ஒட்டிய நாட்கள் அதிகம் வரும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால் கடல் கொஞ்சம் மென்மையாக நடத்தும். முக்குளிப்புச் சான்றிதழ் வாங்கிய மறுமாதமே கொமோடோவின் நடுப்பகுதிக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குறைந்தது முப்பது, நாற்பது முக்குளிப்பாவது கையில் இருக்கட்டும்.

தண்ணீருக்குள் நீவாடு இழுத்தால், அதை எதிர்த்துக் கால் அடித்து மூச்சைச் செலவழிப்பதுதான் பெரிய தவறு. எதிர்த்து ஜெயிக்க முடியாது. வழிகாட்டியை விட்டுப் பிரியாமல் அதோடு போங்கள். மேலே டிங்கி என்ற சின்னப் படகு பின்தொடர்ந்து வரும். ஆனால் டிங்கிக்காரர் உங்களைப் பார்த்தால்தானே எடுக்க முடியும்! காற்றடைத்து மேலே அனுப்பும் நீளமான ஆரஞ்சு நிற மிதவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். "வழிகாட்டியிடம் ஒன்று இருக்கிறதே" என்று விடாதீர்கள். ஸ்நார்க்கெல் செய்பவர்கள், நன்றாக நீந்தத் தெரிந்தாலும், மிதவைச் சட்டையைக் கழற்ற வேண்டாம்.

பவளத்தைப் பாறை என்று நினைப்பது

பவளப் பாறை என்ற நம் சொல்லிலேயே இந்தத் தவறுக்கு வழி இருக்கிறது. பாறை என்றால் நிற்கலாம், பிடிக்கலாம் என்று தோன்றும். மேலே மெல்லிய தோல்போல் படர்ந்திருப்பது உயிருள்ள பிராணிகளின் கூட்டம். உருண்டையாக வளரும் பெரிய பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். மேசை அகலத்துக்கு ஒன்றைப் பார்த்தால் அதற்கு நம் தாத்தாவின் வயது இருக்கலாம். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி அதன்மேல் எழுந்து நிற்கும் ஒரு நொடியில் அந்தத் தோல் கிழிந்துவிடும். கால்துடுப்பால் கிளறிய மணல் மேலே படிந்தாலும் மூச்சுத் திணறும். எனவே ஸ்நார்க்கெலை முதல்முறையாக ராஜா அம்பாட்டில் போடாதீர்கள். ஊரில் ஏதாவது நீச்சல் குளத்தில் நாலு நாள் பழகி, முகமூடித் தண்ணீரை நிற்காமலேயே வெளியேற்றக் கற்றுக்கொண்டு வாருங்கள். இந்தப் பயணத்துக்காக நீங்கள் செய்யும் தயாரிப்புகளில் இதைவிட முக்கியமானது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது, பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருட்கள் இல்லாததா என்று பாருங்கள். இவை கலந்த பூச்சுகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டால் பூச்சே அதிகம் தேவைப்படாது.

ஒரு மனிதனின் கால் இவ்வளவு செய்யும் என்றால் ஒரு கப்பலும் அதன் நங்கூரமும் என்ன செய்யும்? 2017 மார்ச்சில், ஏறக்குறைய 90 மீட்டர் நீளமுள்ள சுற்றுலாக் கப்பல் ஒன்று, பயணிகளுக்குப் பறவை காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், தண்ணீர் வற்றிய நேரத்தில் கிரி தீவருகே பவளத்தின்மேல் ஏறி நின்றது. அதை இழுத்து விடுவித்ததிலும் சேதம் கூடியது. முதலில் 1,600 சதுர மீட்டர் என்று கணித்தார்கள்; பிறகு அளந்தபோது சேதம் அதைவிடப் பல மடங்கு. அதுவும் "சிறிய கப்பல்" என்றே விற்கப்பட்ட பயணம்தான். முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: நிரந்தர மிதவையில் கட்டுவீர்களா, நங்கூரம் போடுவீர்களா? போட்டால் மணலில் மட்டுமா? கழிவுநீர் எங்கே போகிறது? தெளிவாகப் பதில் சொல்லும் கப்பலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம்.

இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது

இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். 2019 செப்டம்பர் 2ஆம் தேதி அதிகாலை, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற முக்குளிப்புக் கப்பலில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். கீழேயிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே தீ எரிந்துகொண்டிருந்த அதே கூடத்தில் போய்த்தான் முடிந்தன. இரவில் சுற்றி வந்து பார்க்க வேண்டிய காவல் ஆள் யாரும் விழித்திருக்கவில்லை. தீ எதில் தொடங்கியது என்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் லித்தியம் பேட்டரிகளை ஆள் இல்லாமல் இரவு முழுக்க சார்ஜ் போடுவதைப் பற்றி உலகம் முழுவதும் கப்பல்கள் யோசிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

பினிசி முழுக்க மரம். கேமரா, டார்ச், போன் எதுவானாலும் ஆட்கள் விழித்திருக்கும் பகலில், பொது இடத்தில் சார்ஜ் போடுங்கள். ஏறியதும் கேளுங்கள்: இரவில் யார் விழித்திருப்பார்? என் அறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே? அது வேறு இடத்தில் திறக்கிறதா? அந்த வழியாக ஒருமுறை நீங்களே ஏறிப் பாருங்கள், குழந்தைகளையும் ஏறச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அந்தக் கப்பலில் போகாதீர்கள்.

சின்னச் சின்னதாகச் சில

உள்நாட்டு விமானத்தில், ராஜா அம்பாட் கப்பல்கள் கிளம்பும் சொரோங் நகரத்துக்கு வந்து இறங்கிய அதே மதியம் கப்பல் ஏறுவது போலத் திட்டமிடாதீர்கள். ஒருநாள் முன்னாடியே வந்துவிடுங்கள். ஜகார்த்தாவைவிட சொரோங் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். கடல் குமட்டலுக்கு மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. முன்னிரவே போட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறை ஆட்டம் குறைவு. ராஜா அம்பாட் இருக்கும் பப்புவா பகுதியில் மலேரியா உண்டு, மருத்துவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம், எரிபொருள் கட்டணம், உபகரண வாடகை ஆகியவை விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. "வெஜிடேரியன்" என்று படிவத்தில் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். சம்பலில் தெராசி என்ற இறால் விழுது பெரும்பாலும் இருக்கும், சமைப்பவருக்கு அது அசைவமாகவே தோன்றாது. "தன்பா தெராசி" என்று சொன்னால் புரிந்துகொள்வார். டெம்பே, தோஃபு, கங்குங் கீரை, சோறு என்று வயிறு நிறையும்.

கிராமத்தில் இறங்கும்போது நீச்சலுடையோடு போகாதீர்கள். கொமோடோ பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள்; ராஜா அம்பாட்டில் கிறிஸ்தவக் கிராமங்கள் அதிகம், இரண்டு இடத்திலும் ஒழுங்கான உடையை எதிர்பார்ப்பார்கள். பப்புவாக்காரர்கள் நம்மைப் போலவே சுண்ணாம்பு சேர்த்துப் பாக்கு மெல்பவர்கள். யாராவது நீட்டினால் உட்கார்ந்து பேசலாம் என்று அர்த்தம். அவர்களிடம் சாசி பற்றிக் கேளுங்கள். குறிப்பிட்ட கடல் பகுதியைச் சில காலம் மூடி வைத்து மீன் பிடிக்காமல் விடும் பழைய வழக்கம் அது. 2014இல் மாண்டா திருக்கைகளை நாடு முழுவதும் பாதுகாக்கச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இவர்கள் தங்கள் கடலுக்குப் பூட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசி நாள் முக்குளிப்பது

பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். "இவ்வளவு தூரம் வந்தோமே, இன்னும் ஒன்று" என்ற ஆசையில்தான் பலரும் இதை மீறுகிறார்கள்.

அந்த நாளை வீண் என்று நினைக்க வேண்டாம். 1860இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வைகேயோவுக்கு வந்தது செந்நிறச் சொர்க்கப் பறவையைத் தேடி. இன்றும் அது அங்கே இருக்கிறது. கடைசி நாள் காலை நான்கு மணிக்கு எழுந்து, உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வழுக்கும் மேட்டில் ஏறிப் போய் மரத்தடியில் சத்தமில்லாமல் காத்திருங்கள். விடியும் நேரத்தில் ஆண் பறவைகள் கிளைக்கு வந்து, சிவந்த சிறகுகளை விரித்துத் தலைகீழாக ஆடத் தொடங்கும்.