குதிரை ஏன் தேறவில்லை? விடை தரையில் கிடந்தது

விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிவு. தானியத்தைக் கூட்டினேன், சாணம் இளகியதுதான் மிச்சம். (பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியம் கொடுப்பது ஆபத்து என்பது பிறகுதான் தெரிந்தது.) குடற்புழு மருந்தும் பலிக்கவில்லை. மூன்று வாரம் வீண்.

அப்புறம் ஒருநாள் கொட்டிலைக் கூட்டும்போது பார்த்தேன்: எலுமிச்சை அளவில், எச்சில் ஊறிய புல் உருண்டைகள். பாதி மென்று துப்பியவை! நான் தினமும் குப்பையோடு தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகி, கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. மயக்க ஊசி போட்டு அரத்தால் ராவினார். புண் ஆறும்வரை காய்ந்த புல் கட்டிகளை நீரில் ஊறவைத்து, கூழாக, சிறுசிறு வேளைகளாகக் கொடுத்தேன். உருண்டைகள் நின்றன. இரண்டே மாதத்தில் விலா மறையத் தொடங்கியது.