டூர் பேண்டிலிருந்து விலகித் தனியாகப் போகிறவர்களுக்கு: எதை, எப்போது செய்வது

பேண்டை விட்டு விலகுகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இசையில் வருவதில்லை. செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்வதில்தான் வருகிறது. முதலில் சண்டை, பிறகு இணையத்தில் அறிவிப்பு, அதன் பிறகு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படிப்பது என்று போனால், தான் எழுதிய பாட்டைப் பதிவு செய்யவே வக்கீலைக் கேட்கும் நிலை வரும். காகிதம், பணம், தேதி, பேச்சு, அறிவிப்பு, வெளியீடு என்ற வரிசையில் போங்கள். மற்றதைச் சமாளித்துவிடலாம்.

காகிதம்

பேண்டின் உள் ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, பெயர் யாருக்கு, பழைய பதிவுகளின் வருமானத்தில் விலகிய பிறகும் பங்கு உண்டா, பொதுப் பணத்தில் வாங்கிய கருவிகளுக்கு என்ன கணக்கு, கடனுக்கு யார் பொறுப்பு. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் நிம்மதி அடைய வேண்டாம். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் குழுவைப் பல நாடுகளின் சட்டம் கூட்டு வணிகமாகவே பார்க்கிறது. வேன் கடனில் உங்கள் கையெழுத்து இருந்தால், நீங்கள் விலகினாலும் அது உங்களை விடாது. கையெழுத்தை நீக்கியதற்கு எழுத்தில் ஒரு தாள் வாங்குங்கள்.

ரெக்கார்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தால், விலகும் உறுப்பினரைப் பற்றிய பிரிவு ஒன்று அதில் அநேகமாக இருக்கும். விலகுகிறவரைத் தனிக் கலைஞராகத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமையை நிறுவனம் அதில் வைத்திருக்கும். பேண்டின் கழியாத அட்வான்ஸை, அதாவது நிறுவனம் முன்பணமாகக் கொடுத்து வருமானத்திலிருந்து இன்னும் திரும்ப எடுக்காத தொகையை, உங்கள் தனிக் கணக்கில் ஏற்றிவிடும் வாசகமும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். அதை அப்படியே விட்டால் உங்கள் முதல் தனி ஆல்பத்தின் வருமானம் பழைய கடனுக்கே போகும். உங்கள் பங்குக்கு உண்டான தொகை மட்டுமே ஏற வேண்டும் என்று மாற்றக் கேளுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இசை ஒப்பந்தம் தெரிந்த வக்கீலுக்குச் செலவு செய்யலாம்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: சொல்லும் மெட்டும் ஒன்று, அதை ஒலிப்பதிவு செய்த கோப்பு இன்னொன்று. பாட்டை எழுதியவர் நீங்களாக இருந்தாலும், பேண்டாகப் பதிவு செய்த கோப்பு உங்களுடையதாக இல்லாமல் போகலாம். அதே பாட்டை மீண்டும் பதிவு செய்யவும் தடை இருக்கலாம். வெளியாகி 5 ஆண்டு அல்லது ஒப்பந்தம் முடிந்து 2 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. மேடையில் பாடுவது வேறு. அதற்கான உரிமக் கட்டணத்தைப் பொதுவாக அரங்கோ நிகழ்ச்சி நடத்துகிறவரோ கட்டுவார்கள்.

எழுதிய பங்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே பக்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும்: பாட்டின் பெயர், எழுதியவர்கள், ஒவ்வொருவரின் சதவீதம், தேதி, எல்லோருடைய கையெழுத்து. கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். 105 வந்தால் ராயல்டி வசூலிக்கும் சங்கம் தகராறு என்று குறித்து, தீரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கும். பாட்டு பிறந்த வாரத்திலேயே இதை எழுதிவைப்பதுதான் முறை. எழுதாமல் விட்டவை இருந்தால், விலகலைப் பற்றிய முதல் பேச்சிலேயே அதையும் மேசையில் வையுங்கள். ஆறு மாதம் கழிந்தால் அந்த கிட்டார் வாசிப்பு யாருடையது என்பதில் ஆளுக்கொரு நினைவு இருக்கும்.

பணம்

ராயல்டி தாமதமாக வரும். பல சங்கங்கள் காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ ஒருமுறைதான் பிரித்துக் கொடுக்கின்றன. இன்று பாடிய பாட்டின் பணம் கைக்கு வர பல மாதம் ஆகும். டூர் சம்பளமோ கடைசிக் கச்சேரியோடு நின்றுவிடும். இந்த இடைவெளிக்குக் குறைந்தது ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு இருந்தால், சரியாக வராத மிக்ஸை அவசரப்பட்டு வெளியிட வேண்டியிருக்காது.

பேண்டில் உங்களுக்காக மற்றவர்கள் செய்துவந்தவற்றையும் கொடுத்துவந்தவற்றையும் பட்டியல் போடுங்கள். காதில் போடும் மானிட்டர் உங்களுடையது, ஆனால் அதற்குச் சிக்னல் அனுப்பும் கருவி பேண்டுடையது. டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), கீபோர்டு ஸ்டாண்ட், பயணப் பெட்டி எல்லாம் இப்படித்தான். வாத்தியக் காப்பீடு பேண்டின் பெயரில் இருந்தால், விலகும் நாளோடு அதுவும் முடியும்.

மேனேஜர் கமிஷன் 15 முதல் 20 சதவீதம், புக்கிங் ஏஜென்ட் 10 முதல் 15 சதவீதம் என்பது பரவலான வழக்கம். பேண்டின் மேனேஜரை விட்டு விலகினாலும், அவர் காலத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குக் கமிஷன் தொடரலாம். அது எந்தத் தேதியில் குறைந்து எப்போது முற்றிலும் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தேதியும் பேச்சும்

டூரின் நடுவில் விலகாதீர்கள். விசாவும் விமான டிக்கெட்டும் உங்கள் பெயரில் இருக்கும், வேறொருவருக்கு மாற்ற முடியாது. நிகழ்ச்சி ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால், நீங்கள் வராததைக் காரணம் காட்டி நடத்துகிறவர் ரத்து செய்யலாம். நஷ்டத்தை உங்களிடம் கேட்பார்கள். பாடகர் பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸ் என்ற ராக் பேண்டை விட்டு விலகும் முடிவை 1974 இறுதியில், டூர் நடந்துகொண்டிருந்தபோதே சக கலைஞர்களிடம் சொன்னார். ஆனால் 1975 மே வரை டூரை முடித்துக்கொடுத்தார். வெளியில் அறிவித்தது ஆகஸ்டில். முதல் தனி ஆல்பம் வந்தது 1977-ல். அந்தப் பொறுமையைப் பின்பற்றலாம்.

முதலில் பேண்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் சொல்லுங்கள். பிறகு மேனேஜர், புக்கிங் ஏஜென்ட், அதன் பின் சவுண்ட் இன்ஜினியர் உள்ளிட்ட குழு. இவை ஓரிரு நாளுக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் அரைகுறையாகக் கசியும். பேசியதை அன்றே கடிதமாக்குங்கள்: கடைசிக் கச்சேரி எது, கணக்கு எப்போது முடியும், கடவுச்சொற்களை யார் மாற்றுவார்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு கோர்டு சார்ட், கீபோர்டு பேட்ச் (சேமித்த ஒலி அமைப்பு), கிளிக் டிராக் (காதில் தாளம் காட்டும் டிக் ஒலி) கோப்புகளை ஒப்படைத்து, இரண்டு ரிகர்சலுக்கு உடனிருங்கள். இசை உலகம் சிறியது. அடுத்த வருடம் உங்களை மேடைக்குப் பரிந்துரைக்கப்போவது இவர்களில் ஒருவராகவே இருக்கக்கூடும்.

பெயருக்காகப் போராடுவது பெரும்பாலும் வீண். 1985-ல் பிங்க் ஃபிளாய்டை விட்டு விலகிய ரோஜர் வாட்டர்ஸ், அந்தப் பெயரை மற்றவர்கள் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது என்று 1986-ல் வழக்குத் தொடுத்தார். 1987 இறுதியில் சமரசமானபோது பெயர் மற்றவர்களிடமே நின்றது. "முன்னாள் பாடகர்" என்று போட்டுக்கொள்ள அனுமதியையும், போஸ்டரில் அந்த எழுத்து உங்கள் பெயரைவிடச் சிறிதாக இருக்கும் என்ற நிபந்தனையையும் எழுத்தில் வைத்துக்கொண்டால் போதும். டிக்கெட் விற்க வேண்டும் என்பதற்காகச் சிலர் பேண்டின் பெயரைப் பெரிதாக அச்சடிப்பார்கள். அதற்குப் பேண்டு கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான். அதனால் போஸ்டரை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

தனி மேடை

45 நிமிட நிகழ்ச்சிக்கு 9 பாட்டு போதும். பாட்டுக்கு 4 நிமிடம் வைத்தால் 36 நிமிடம், மீதி பேச்சுக்கும் டியூனிங்குக்கும். பேண்டில் நீங்கள் எழுதியவற்றில் இரண்டோ மூன்றோ சேர்க்கலாம், ஆனால் கடைசிப் பாட்டாக வைக்காதீர்கள். கூட்டம் எதை முணுமுணுத்துக்கொண்டு போகிறதோ அது உங்கள் புதுப் பாட்டாக இருக்கட்டும்.

பின்குரல் பாடிவந்தவர்கள் தொண்டையைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டுகளின் சுருதி இன்னொருவர் குரலுக்கு வைத்தது. அறையில் ஒருமுறை பாடுவது எளிது. எட்டாவது பாட்டாக, நின்றபடி, வாசித்துக்கொண்டே பாடும்போதுதான் உண்மை தெரியும். நிகழ்ச்சி முழுவதையும் இடைவிடாமல் பாடிப் பார்த்து, இழுக்கிற பாட்டை அரை சுரமோ ஒரு சுரமோ இறக்குங்கள்.

பேக்கிங் டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) வைத்துப் பாடுவதானால், லேப்டாப்பின் ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை, அதில் நான்கு வெளியீடுகள் இருக்க வேண்டும். 1, 2 டிராக்குக்கு, டிஐ வழியாக மிக்சருக்குப் போகும். 3 கிளிக், 4 "அடுத்தது சரணம்" போன்ற குரல் குறிப்பு, இரண்டும் உங்கள் காதுக்கு மட்டும். கோப்பும் கருவியும் ஒரே சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) இருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மாற்றம் செய்யாமல் 48-ல் ஓட்டினால், வேகம் சுமார் 9 சதவீதம் கூடி, சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைசுரம் ஏறிவிடும். கிட்டார் எதனுடனும் ஒட்டாது, அந்த நேரத்தில் காரணமும் பிடிபடாது. லேப்டாப்பில் வைஃபை, அறிவிப்புகள், தூக்க நிலை மூன்றையும் அணைத்துவிடுங்கள். மாற்று ஏற்பாடாக, இடது பக்கம் கிளிக், வலது பக்கம் டிராக் என்று தயாரித்த ஒரு கோப்பு போனில் இருக்கட்டும்.

முக்கியக் கலைஞருக்கு முன்பு மேடையேறும் துணைக் கலைஞருக்குச் சவுண்ட் செக் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. எல்லாவற்றையும் 10 நிமிடத்தில் மாட்டி முடிக்கும்வரை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகுங்கள். எந்த சேனலில் எது, எங்கே மின் இணைப்பு வேண்டும் என்ற ஒரு பக்கப் படத்தை முன்கூட்டியே அனுப்புங்கள்.

வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தினால், கச்சேரிக்கு எவ்வளவு, ரிகர்சலுக்கு எவ்வளவு, பதிவில் பங்கு உண்டா இல்லையா என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். நட்பை நம்பி விட்டுவிட்டால், நீங்கள் இப்போது விட்டு வந்த அதே குழப்பத்தை நீங்களே உருவாக்குவீர்கள்.

வெளியீடு

கலைஞர் பெயரை முதலில் ஸ்ட்ரீமிங் தளங்களில் தேடுங்கள். அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் பாட்டுகள் அவர் பக்கத்தில் போய் விழும், பிரித்தெடுக்க வாரங்கள் ஆகும். மறுபதிவு செய்த பாட்டுக்குப் புதிய ஐஎஸ்ஆர்சி எண் வாங்குங்கள். 12 இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் ஒவ்வொரு பதிவுக்கும் தனி. பழைய எண்ணையே போட்டால் வருமானம் பேண்டின் கணக்குக்குப் போகும்.

ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தரிடம் நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்ப, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு பாட்டு அங்கே இருந்தாக வேண்டும். அந்தத் தளத்தில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறை ஓடாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. ஆகவே பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்டாமல், ஆறு வாரத்துக்கு ஒன்றாக விடுவது நல்லது. பேண்டின் பக்கத்தில் அனுமதியில்லாமல் உங்கள் பாட்டைப் போடாதீர்கள்.

மேடை நிகழ்ச்சிகளை 80 பேர் கொள்ளும் சிறிய அரங்கில் தொடங்குங்கள். 500 பேர் அரங்கில் 120 பேர் வந்தால் தோல்வி என்று பேச்சு பரவும், அடுத்த பேரமும் இறங்கும். வசூலில் சதவீதம் என்றால், எந்தெந்தச் செலவைக் கழித்த பிறகு என்ற பட்டியலை முன்பே கேட்டு வாங்குங்கள்.

பேண்டின் பழைய பாட்டுகளுக்கான கணக்கு அறிக்கை உங்கள் புதிய முகவரிக்கு வருகிறதா என்று முதல் இரண்டு தவணைகளிலும் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே எழுத்தில் கேளுங்கள். அறிக்கையை ஆட்சேபிக்கவும் தணிக்கை கேட்கவும் ஒப்பந்தங்களில் கால வரம்பு உண்டு. அது கடந்தால் விடுபட்ட தொகையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.