சென்னையில் குடியேற வருபவருக்கு: முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

2014இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் வாரம். வளசரவாக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, ‘என்ன கறி இருக்கிறது?’ என்று கேட்டேன். ‘மட்டன், சிக்கன், காடை’ என்றார் பரிமாறியவர். நான் எதிர்பார்த்தது கத்தரிக்காயையோ பூசணிக்காயையோ. அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஊரில் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவதெல்லாம் கறி. இங்கே கறி என்றால் இறைச்சி. தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

பீகாரிலிருந்து வேலைக்கு வருபவர் மொழி தெரியாததால் எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார். நமக்கு மொழி தெரிந்திருப்பதே இடைஞ்சல். பெயர்ப்பலகையைப் படித்துவிடுகிறோம், பேச்சு புரிந்துவிடுகிறது, அதனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். புதிதாக வருபவர்கள் என்னிடம் விசாரிக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்பவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்போ கிள்ளானோ டொரண்டோவோ, எங்கிருந்து வந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

வீடு

வீடு பார்க்கப் போனால் எல்லோரும் வாடகையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் தண்ணீரில் தொடங்குங்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. சென்னையில் ஒரே வீட்டுக்குள் மூன்று தண்ணீர் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றித் தருவது போர் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும். குடிநீர் வாரியம் குழாயில் விடுவது மெட்ரோ தண்ணீர், சமையலுக்கு. 20 லிட்டர் கேனில் கடைப்பையன் தோளில் சுமந்துவருவது குடிக்க. பழைய தெருக்களில் வீட்டு வாசலில் அடிபம்பு நிற்பதைப் பார்த்தால் மெட்ரோ தண்ணீர் இணைப்பு இருக்கிறது என்று பொருள். தண்ணீர் வருகிறது என்று பொருள் அல்ல.

ஆகவே கேளுங்கள்: சம்ப் (நிலத்தடித் தொட்டி) எத்தனை லிட்டர்? மெட்ரோ தண்ணீர் தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? மே மாதத்தில் லாரி வாங்குகிறார்களா, வாங்கினால் அந்தச் செலவு வாடகையில் அடங்குமா, தனியா? வீட்டுக்காரர் ‘பிரச்சினையே இல்லை’ என்றுதான் சொல்வார். நீங்கள் குளியலறைக்குப் போய்க் குழாயின் அடியையும் சுவர் டைல்ஸையும் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு; இரண்டே மாதத்தில் தலைமுடி சொல்லிவிடும். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதிலும் வெட்கம் வேண்டாம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் லாரி விடிகாலை நான்கு மணிக்கு வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தியிருந்திருக்கிறேன். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. 2024இல் நெம்மேலியில் இரண்டாவது ஆலையும் வந்தது. நிலைமை அன்றைப்போல் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டை இங்கே இருந்து பார்த்தவர்கள் யாரும் குழாயைச் சும்மா திறந்துவிடுவதில்லை.

இதே நகரம்தான் 2015 டிசம்பரில் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையில் பல தெருக்களில் படகு ஓடியது. இங்கே பெருமழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்ததும் காரை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருவார்கள். முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். இப்போது அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தெரிகிறது. தரைத்தளத்தில் வீடு பார்ப்பவர்கள் வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். 2015இல் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியது என்று கையால் காட்டுவார்.

அட்வான்ஸ் என்பது இந்த ஊரின் தனிப்பழக்கம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும் சொல்கிறது. பல வீட்டுக்காரர்கள் சட்டத்தைத் தெரிந்துகொண்டே பத்து மாதம் கேட்பார்கள். ஐந்து, ஆறுக்கு இறங்குவார்கள், பேசிப் பாருங்கள். ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அப்போது காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் பேரம் படியும். நல்ல நாள் பார்ப்பவர் என்றால் ஆடியிலேயே பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சுங்கள்.

உள்ளே போகும் நாளன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நான் எடுக்கவில்லை. காலி செய்தபோது என் முதல் வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அவற்றில் பாதி எனக்கு முன்பிருந்தவர் அடித்தவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். ‘நீங்கள் எந்த ஆட்கள்?’ என்று சுற்றிவளைத்துச் சாதியைக் கேட்பவர்களும் உண்டு. இலங்கை என்றதும், ‘போலீஸ் வருமா?’ என்று தயங்குபவர்களும் உண்டு. அப்படி மூன்று வீட்டுப் படிகளை நான் திரும்பி இறங்கியிருக்கிறேன். பொய் சொல்லி உள்ளே போவதைவிட, கருவாடு பொரித்தால் மூக்கைச் சுளிக்காத வீட்டைத் தேடுவதே நிம்மதி.

காகிதங்கள்

போலீஸ் வருமா என்ற பயத்துக்கு ஒரு காரணம், வெகுகாலமாகச் சி படிவம் என்று அழைக்கப்பட்டுவந்த அறிவிப்பு. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும், ஹோட்டலானாலும் வீட்டுக்காரரானாலும், 24 மணி நேரத்துக்குள் அதை இணையவழியே அனுப்ப வேண்டும். வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நிரப்ப உதவினால் பயம் தெளிந்துவிடும். 180 நாட்களுக்கு மேல் செல்லும் மாணவர், வேலை, மருத்துவ விசாவில் வருபவர்கள் 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் இருந்தாலும் பெரும்பாலான வேலை இணையத்திலேயே முடிகிறது. இந்தியப் பூர்வீகம் உள்ள வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. அந்த அட்டைக்கு முன்னோரின் இந்தியப் பூர்வீகத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். மலேசியத் தமிழரும் நம் மலையகத்தாரும் பெட்டியைக் கிளறிப் பார்க்கலாம். எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தாருக்குப் பெரும்பாலும் வழியில்லை.

கடந்த 12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருந்தால் வெளிநாட்டவரும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைக்கும் வரை வங்கி, சிம் கார்டு, கேஸ் என்று எங்கே போனாலும் முகவரிச் சான்று கேட்டு உங்களைச் சுற்றவிடுவார்கள். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் அங்கெல்லாம் கைகொடுக்கும். அடுப்பு மட்டும் காத்திருக்காது. வழக்கமான 14.2 கிலோ சிலிண்டருக்கு இணைப்பு வேண்டும். 5 கிலோ சிறிய சிலிண்டரை அடையாள அட்டையைக் காட்டியே வாங்கிவிடலாம்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட்டை 2016இல் இலவசமாக்கினார்கள். 500ஐத் தாண்டினால் கணக்கிடும் அடுக்கே மாறி, ஒரு யூனிட் கூடினாலும் பில் சட்டென்று ஏறும். மாடியில் குடியிருந்து வீட்டுக்காரரின் சப் மீட்டருக்குப் பணம் கட்டுபவருக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் வந்து சேராது. தனி மீட்டர் உண்டா என்பதையும் தண்ணீர்க் கேள்வியோடு சேர்த்துக் கேளுங்கள்.

வழி

ரயில், மெட்ரோ, பஸ் மூன்றும் நல்லவை, மலிவானவை. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலைப் போல வேகமானது சாலையில் எதுவும் இல்லை. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இலவசம். தெற்கே போகும் வெளியூர்ப் பஸ்களுக்குக் கோயம்பேடு என்று பழைய நினைப்பில் போய் நிற்காதீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு அவை அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

ஆட்டோவுக்கு அரசு 2013இல் கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12. அதற்குப் பிறகு எல்லாம் விலை ஏறிவிட்டதால் மீட்டரைத் தொடுபவர் அரிது. ஏறும் முன் பேசுங்கள், அல்லது செயலியில் பதிவு செய்யுங்கள். நீங்கள் வாயைத் திறந்ததும், ‘கேரளாவா சார்?’ என்று ஓட்டுநர் கேட்பார். யாழ்ப்பாணத் தமிழ் இங்கே பலருக்கு மலையாளம்போல ஒலிக்கிறது. பத்தாண்டு கழிந்தும் என்னைக் கேட்கிறார்கள்.

உண்மையில் குழப்புவது சாலைப் பெயர்கள். பலகையில் அண்ணா சாலை, வாயில் மவுண்ட் ரோடு. பலகையில் ராஜீவ் காந்தி சாலை, வாயில் ஓஎம்ஆர். லாயிட்ஸ் சாலை என்று வழி சொல்வார்கள். பலகையில் அவ்வை சண்முகம் சாலை என்றிருக்கும். பாரிஸ், பாரிமுனை, பிராட்வே என்று மூன்று பேர் மூன்று பெயர் சொன்னாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இறங்கப்போகிறீர்கள்.

சொற்கள்

இதற்குத்தான் யாரும் வழிகாட்டி எழுதுவதில்லை. ‘ஆறுதலாகச் சொல்லுங்கள், அவசரமில்லை’ என்று தரகரிடம் சொன்னேன். வீட்டில் ஏதாவது துக்கமா என்று அவர் பதறிவிட்டார். இங்கே ஆறுதல் என்பது துயரத்தில் இருப்பவருக்குச் சொல்வது. ‘எனக்கு விளங்கவில்லை’ என்று வங்கியில் சொல்லிப் பாருங்கள், ஒருமாதிரி பார்ப்பார்கள். இங்கே விளங்காதவன் என்பது திட்டு. புரியவில்லை என்று சொல்லுங்கள். பேசுவதைக் கதைப்பது என்றால் கதை விடுவது என்று எடுத்துக்கொள்வார்கள். அசைவத்தை நினைத்து, சாப்பாட்டில் மச்சம் சேர்ப்பீர்களா என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தம் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார்.

கடைக்குப் போனால் தேசிக்காய்க்கு எலுமிச்சை, கோவாவுக்கு முட்டைக்கோஸ், போஞ்சிக்கு பீன்ஸ், கச்சானுக்கு வேர்க்கடலை, சவர்க்காரத்துக்கு சோப்பு. சீனி என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் பலர் அதையே சர்க்கரை என்பார்கள். நமக்கோ சர்க்கரை பழுப்பானது, பொங்கலுக்குப் போடுவது. என் மாமி ஒருமுறை தேங்காய்ப்பூ வாங்கிவரச் சொன்னார். புட்டுக்குத் துருவல் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பினோம். அவன் தள்ளுவண்டியிலிருந்து முளைவிட்ட தேங்காயின் உள்ளே திரண்டிருக்கும் பஞ்சுருண்டையை வாங்கிவந்தான். இங்கே அதுதான் தேங்காய்ப்பூ. ருசியாகத்தான் இருந்தது, புட்டு மட்டும் மறுநாளைக்குப் போனது.

எல்லோரையும் ‘ஐயா’ என்று அழைத்தால் கொஞ்சம் மேடைப்பேச்சுபோல ஒலிக்கும். ஓட்டுநர், கடைக்காரருக்கு அண்ணா. மீன்காரப் பெண்ணுக்கு அக்கா. வீட்டுக்காரருக்கும் அதிகாரிக்கும் சார், மேடம். இளம்பெண்ணைப் ‘பிள்ளை’ என்று அன்பாக அழைக்கும் நம் பழக்கத்தை வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகள் பள்ளியில் சேர்ந்த மூன்றே மாதத்தில் சென்னைத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். வீட்டில் ஊர்ப்பேச்சை விடாதீர்கள் என்பது என் கருத்து. பள்ளி ஆண்டு இங்கே ஜூனில் தொடங்குகிறது. நீங்கள் விடுகைப் பத்திரம் என்று கொண்டுவருவதை அவர்கள் டி.சி. என்று கேட்பார்கள்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108, காவல்துறை 100, மாநகராட்சிப் புகாருக்கு 1913. இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930. கையில் காசு குறைந்த நாட்களுக்கு அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். வீட்டில் வெக்கை தாங்காத மே மாதப் பகல்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு.

சமையலுக்குக் கேரளத்து மட்டை அரிசி நம் சிவப்பரிசிக்குக் கிட்ட வரும். மிளகாயையும் மல்லியையும் நன்றாகக் கருக வறுத்து மாவு மில்லில் கொடுத்தால் கறித்தூள் தயார். மில்காரர், ‘தீய்ந்துவிட்டதே!’ என்று திருப்பித் தரப் பார்ப்பார். அப்படியே அரைக்கச் சொல்லுங்கள். நொச்சிக்குப்பத்து மீனும் நண்டும் நம் ஊர்க் கூழுக்கு உகந்தவை. அதற்கு வேண்டிய ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவுக்குத்தான் வழியில்லை. வரும்போது பெட்டியில் இரண்டு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோவாக இருந்தால் ஒன்றை எனக்குத் தாருங்கள்.