புள்ளைகளோட பழைய கோயிலுக்கும் அதுக்குக் கீழ இரிக்கிற கல்லறைக்கும் போறதெண்டா

வேளாங்கண்ணிக்குப் போற நம்மட ஆக்கள் கனபேர் சென்னையில சாந்தோம் கோயிலுக்கும் போறாங்க, அங்க நிலத்துக்குக் கீழ இயேசுட சீடர் தோமையார்ர கல்லறை எண்டு கும்பிடுற இடம் இரிக்கி, ஆனா சின்னப் புள்ளைகள மேல ஆரோடயாவது விட்டுட்டுத்தான் பெரியாக்கள் இறங்குற, பயந்திரும் எண்டு. அப்பிடி விடாதீங்க. கொஞ்சம் பழக்கினா புள்ளைகள் நம்மள விட வடிவாப் பாப்பாங்க.

பழக்கம் மட்டக்களப்புலயே தொடங்கலாம். புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்கு கிழமை நாள்ல, பூசை இல்லாத நேரம் பாத்து, ஃபாதர்ட்ட கேட்டுட்டுப் போங்க. உள்ள போன உடன கதை சொல்லத் தொடங்காதீங்க, முதல் அஞ்சு நிமிசம் அவங்கட பாட்டுல விடுங்க. என்ட மகள் முதல்ல செஞ்சது சுவர்ல உள்ளங்கைய வச்சுப் பாத்ததுதான், வெளியில அவ்வளவு வெயில், சுவர் மட்டும் பானை மாதிரி குளிருது, "ஏன் அம்மா?" எண்டு அவளே கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னது எல்லாம் மனசுல நிண்டுட்டு.

மறுகா கோட்டைக்கு கூட்டிப் போங்க, அதுவும் புளியந்தீவுதான். 1628ல போர்த்துக்கீசர் கட்டினது, பத்து வருசத்துல, 1638ல, ஒல்லாந்தர் புடிச்சிட்டாங்க. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்த தடை செஞ்ச காலத்துல கோவாக் குருவானவர் யோசேப் வாஸ் அடிகளார் 1687ல பிச்சைக்காரர் வேசத்துல யாழ்ப்பாணம் வந்த கதைய இதுல இருந்து சொல்லுங்க, வாயைப் பொளந்துட்டுக் கேப்பாங்க.

அடுத்தது சேமக்காலை, அதான் செத்தவங்கள அடக்கம் செய்யிற இடம். செத்த ஆக்கள நினைக்கிற நவம்பர் 2ல மெழுகுதிரி கொளுத்தப் போற நம்மட புள்ளைகளுக்கு கல்லறை புதுசில்ல, அதால பழைய கல்லு ஒண்டுல பிறந்த வருசம், செத்த வருசம் பாத்து வயசக் கழிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கல்லுக்கு மேல ஏற விடாதீங்க, எழுத்துல சோக்கால கீறவும் விடாதீங்க, கொப்பியில வரையட்டும்.

சாந்தோமுக்குப் போறதுக்கு முதல் நாள் ராவு ஒரு படம் கீறிக் காட்டுங்க: மேல கோயில், கீழ கல்லறை. ஆதிக் காலத்துல புனிதர்ர எலும்பு இருந்த இடத்துக்கு மேலதான் பீடம் வச்சாங்க, அதாலதான் இப்பிடிக் கீழ அறை வந்தது. இப்ப மேல நிக்கிற வெள்ளைக் கோயில் 1896ல கட்டி முடிச்சது, கல்லறை அத விட எவ்வளவோ பழசு எண்டு சொல்லுங்க. இறங்கக்குள்ள நீங்க முன்னுக்கு, புள்ளை பின்னுக்கு, கையப் புடிச்சிட்டு, கீழ சனம் முழங்கால்ல நிண்டு செபிக்கும், அதால ரகசியமாத்தான் கதைக்கணும் எண்டு மேலயே சொல்லிருங்க. ஒரு சாமான் மட்டும் தேடச் சொல்லுங்க, தோமையார்ர கையில என்ன இரிக்கெண்டு பாத்து வந்து சொல்லு எண்டா காணும்.

அழுதா உடன மேல கூட்டிட்டு வந்துருங்க. ஏச வேணாம். தண்ணி குடுத்து, கொஞ்ச நேரம் கடற்கரைப் பக்கம் நிண்டுட்டு, திருப்பிப் போவமா எண்டு கேளுங்க. என்ட சின்னவன் ரெண்டாந்தரம் தானே முன்னுக்கு இறங்கினான்.